முதலில் பொருந்தும் வரி

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த கம்பெனியில், நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் டிரைவர்ல ஒரு டேபிள் இருக்குதில்ல, அதுல ஒரு லைனுக்கு மேல 'இதைக் கீழே இறக்காதே, இறக்குவதானால் என்னைக் கேள்'னு எழுதி வச்சிருக்கீங்க. இப்ப ஒரு டூல் வாங்கியிருக்காங்க. எல்லா லைனையும் நம்பர் பிரகாரம் அதுவே அடுக்கிக் குடுத்துடும். இறக்கிடட்டுமா?"

"இறக்கினா இன்னா ஆவும்?"

"தெரியலக்கா. அதான் கேக்கறேன்."

"தெரியலல்ல, அப்ப தொடாத."

போனை வைத்த பிறகு, ஒழுங்காகக் கேட்டவளிடம் எரிந்து விழுந்துவிட்டோமே என்று இருந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான். காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று ஒரு மெசேஜ் போட்டேன். எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு வரியின் காரணம் என் வேலைக்காலத்தின் பாதியைக் கேட்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ஏம்பலம். அப்பா நெல்லும் கரும்பும் வைத்தவர். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரோடு இணைக்கிற சிறு கருவிகள் செய்கிற இடம் அது. இரண்டு வருஷம் பலகையில் ஈயம் வைத்தேன். இரண்டு வருஷம் டெஸ்டிங். அப்புறம் ஒருவர் வேலையை விட்டுப் போக, டிரைவர் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். பாதி புத்தகம் பார்த்தும் பாதி திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டேன். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஒரு கருவியைக் கம்ப்யூட்டரில் செருகியதும், அது முதலில் தன் எண்களைச் சொல்லும். செய்த கம்பெனிக்கு ஒரு எண், பொருளுக்கு ஒரு எண், அந்தப் பொருளில் எத்தனையாவது திருத்தம் என்பதற்கு ஒரு எண். கம்ப்யூட்டரின் அடியில் ஓடுகிற கெர்னல் என்கிற மென்பொருள் அந்த எண்களை வாங்கிக்கொண்டு, தன்னிடம் உள்ள டிரைவர்களின் அட்டவணைகளைப் புரட்டும். டிரைவர் என்பது அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த இன்னொரு சிறு மென்பொருள். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த கருவிகளின் எண்களை வரி வரியாக எழுதி வைத்திருக்கும். கெர்னல் அதை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துகிற வரியில் நின்றுவிடும். அதற்குக் கீழே இன்னும் நன்றாகப் பொருந்துகிற வரி இருந்தாலும் பார்க்காது. வில்லியனூரில் பஸ்ஸுக்கு நிற்பவர், 'பாகூர்' என்று போர்டு போட்டு முதலில் வருகிற பஸ்ஸில், எந்த வழியாகப் போகிறது என்று கேட்காமலே ஏறிவிடுவது மாதிரி.

இந்த அட்டவணைகளுக்கெல்லாம் காவல் எங்கள் பிரிவின் தலைவர் சபாபதி சார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. திரையில் எதையும் படிக்க மாட்டார். எழுதியதை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே, உதடு அசையப் படிப்பார். பக்கத்தில் டீ ஆடை கட்டிக்கொண்டு இருக்கும். முழுக்க ஆறிய பிறகுதான் குடிப்பார். எவ்வளவு பெரிய கோளாறைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் "சரி, பாப்போம்" என்பார். நான் பதறிக்கொண்டு ஓடிப்போய் நிற்பேன், இந்த மனுஷன் "பாப்போம்" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

அவரிடம் நான் செய்த முதல் பெரிய தப்பு பால் டெஸ்டரில். கிராமத்துப் பால் சொசைட்டிகளில் பாலின் கொழுப்பைப் பார்க்கிற கருவிக்கு நாங்கள் டிரைவர் கொடுத்திருந்தோம். அந்த அட்டவணை பார்க்கச் சகிக்காமல் இருந்தது. வரிகள் முன்னும் பின்னுமாக, ஒன்று போலவே இரண்டு வரிகள் வேறு. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் அழகாக அடுக்கி, இரட்டையாகத் தெரிந்ததில் ஒன்றை அழித்தேன். அது இரட்டை இல்லை. ஒரே ஒரு இலக்கம் வேறு. குருவிநத்தம் பக்கத்தில் ஒரு சொசைட்டியில் அந்த மாதிரி பழைய டெஸ்டர் இருந்தது. அங்கே புது டிரைவரைப் போட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அது எழுந்திருக்கவில்லை.

சார் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். வாசலில் பால் கேனோடு நீளமாக வரிசை. முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாமா, மிஷினு செத்துப் போச்சா? வூட்ல மாட்ட அப்படியே வுட்டுட்டு வந்து நிக்கறேன். பாலு திரிஞ்சிப் போவப்போவுது, சீக்கிரம் பாரு."

ஒரு மணி நேரத்தில் அந்த வரியைத் திரும்பப் போட்டேன். திரும்பி வரும்போது சார் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். டீ ஆறும் வரைக்கும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கம்பெனிய வுட்டு வெளிய போன வரி நம்முது இல்லம்மா. அத நம்பி யாரோ ஒருத்தர் நிக்கிறாங்க. இனிமே பழைய வரியத் தொடாதே. புதுசு வந்தா அடியில சேரு. அவ்ளோதான்."

அது எங்கள் பிரிவின் சட்டமானது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளே கேட்பது அதைத்தான். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பல வருஷம் அது எங்களைக் காப்பாற்றியது, அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் தடுப்பூசி ஃபிரிட்ஜ் வந்தது.

கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு நாங்கள் ஒரு கருவி செய்து கொடுத்தோம். சோப்பு டப்பா அளவு. அதிலிருந்து ஒரு வயர் ஃபிரிட்ஜுக்குள் போகும், இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. உள்ளே எத்தனை டிகிரி என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பதிவு செய்துகொண்டே இருக்கும். தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிச் சூடானால் வீரியம் போய்விடும்.

சில வருஷம் கழித்து, அந்த டப்பாவுக்குள் இருந்த சென்சார் சந்தையில் கிடைக்காமல் போனது. வேறு சென்சார் போட்டோம். சென்சார் கொடுக்கிற எண்ணை டிகிரியாக மாற்றுகிற கணக்கு இதற்கு வேறு. பொருள் எண்ணையும் மாற்றியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் எங்களுக்குச் சொந்தமாக எண்கள் கிடையாது. சிப் செய்கிற கம்பெனி தன் எண்களில் சிலவற்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தது, அதில் மிச்சம் ஒன்றுதான். "அத அடுத்த ஐட்டத்துக்கு வச்சிக்கலாம்மா" என்றார் சார். அதனால் புது டப்பாவுக்கும் பழைய பொருள் எண்ணே. திருத்த எண் மட்டும் வேறு. இந்தப் பொருள், இந்தத் திருத்த எண் என்றால் புதுக் கணக்கைப் போடு என்று நான் ஒரு வரி எழுதினேன். சட்டப்படி அட்டவணையின் அடியில் சேர்த்தேன். சார் ஸ்கேல் வைத்துப் பார்த்து, பழைய வரிகள் எதுவும் அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

முதல் புது டப்பா போனது பாகூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பழைய டப்பாவின் வயரை எலி கடித்துவிட்டதால் மாற்றிக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே ஃபிரிட்ஜ் ஒன்பது டிகிரிக்கு மேலேயே நின்றிருக்கிறது, மருந்தையெல்லாம் ஒதுக்கித் திருப்பி அனுப்பியாகிவிட்டது, பொறுப்பான ஃபார்மசிஸ்டுக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது, விசாரணைக்குத் தேவைப்படுவதால் கருவி சரியாக வேலை செய்கிறது என்று கம்பெனி சான்றிதழ் தர வேண்டும்.

சார் சான்றிதழைத் தட்டச்சு செய்ய வைத்து என்னிடம் கொடுத்தார். "போயி பாத்துட்டு, சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வாம்மா."

அந்த ஃபார்மசிஸ்ட் மாலதி. முப்பத்தைந்து வயதிருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. மெமோ நிலைத்தால் அடுத்த வருஷம் வேலை கிடையாது, வேறு எந்தச் சுகாதார நிலையத்திலும் எடுக்க மாட்டார்கள். இதை அங்கிருந்த டாக்டரம்மாதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு கதவ சரியா மூடாம வுட்டிருக்கும்னு நெனைக்கிறேன். கேட்டா கையால டிகிரி எழுதற நோட்டக் காட்டுது. நோட்டுல காலையும் சாயந்தரமும் அஞ்சு, நாலு, அஞ்சு, அஞ்சுன்னு வரிசையா இருக்குது. பாக்காமலே எழுதினதுன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றார்.

நோட்டை நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே பேனா, ஒரே சீரான கையெழுத்து, ஐந்து, நான்கு, ஐந்து. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை இங்கே மறைக்கப்போவதில்லை. மாலதி அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். நான் நோட்டை மூடிய விதத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் வேலையை ஆரம்பித்தேன். டப்பாவைக் கழற்றி மறுபடி செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. கெர்னல் எழுதுகிற குறிப்புகளைத் திறந்தேன். புதுக் கருவி வந்தது, கம்பெனி எண் சரி, பொருள் எண் சரி, திருத்த எண் சரி, எங்கள் டிரைவர் அதை எடுத்துக்கொண்டது. பிழை என்று ஒரு வரியும் இல்லை. கம்பெனியில் சோதனை பெஞ்சில் எத்தனையோ தரம் பார்த்த அதே குறிப்பு. திரையில் 9.6 என்று காட்டியது. பேனாவை எடுத்தேன்.

"மேடம்," என்றாள் மாலதி. "ஃபிரிட்ஜ் உள்ள கண்ணாடி தெர்மாமீட்டர் ஒண்ணு வச்சிருக்கேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அத ஒரு தரம் பாத்துடுங்க. நான் சொல்ல வேணாம், நீங்களே பாருங்க."

"பழைய தெர்மாமீட்டரா இருக்கும்மா. அதெல்லாம் தப்பாக் காட்டும்."

"காட்டட்டும் மேடம். பாத்துட்டுப் போடுங்க."

பார்த்தேன். ஐந்து. கதவை மூடி, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடி திறந்து பார்த்தேன். அதே ஐந்து. அப்போதும் நான் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு தெர்மாமீட்டர் சண்டை போட்டால் தீர்த்து வைக்க ஒரு வழி உண்டு. தண்ணீரில் பொடித்த ஐஸைப் போட்டுக் கலக்கினால் அது பூஜ்யம் டிகிரி. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பூஜ்யம்தான்.

"ஐஸ் கிடைக்குமா?"

"எதிர்ல மீன்கார அம்மா பெட்டியில இருக்குது, எடுத்துக்கினு வரேன்."

"மீன் ஐஸ் வேணாம். உப்பு கலந்திருந்தா பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். ஜூஸ் கடையில கேளு."

ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸை இடித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கண்ணாடித் தெர்மாமீட்டரையும் எங்கள் சென்சாரையும் ஒன்றாக அதில் விட்டேன். ஐந்து நிமிஷம் கலக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணாடி பூஜ்யத்தில் நின்றது. திரையில் எங்கள் டப்பா 4.5 என்றது.

அந்தக் குறிப்புகளை மறுபடி, இந்தத் தரம் சார் மாதிரி ஒவ்வொரு வரியாக, படித்தேன். நான்காவது வரியில் 'பழைய மாடல்' என்று இருந்தது. அப்படி எழுதும்படி டிரைவரில் வைத்ததே நான்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். டிரைவர் பெயர் சரியா என்று மட்டும் பார்த்துப் பழகிய கண்.

அட்டவணையைத் திறந்தேன். மேலே பழைய வரி. அதில் திருத்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பொருள் என்றால் போதும், எந்தத் திருத்தமானாலும் வா என்கிற வரி. புது டப்பா வந்ததும் கெர்னல் அந்த வரியில் நின்று, பழைய கணக்கைக் கையில் கொடுத்துவிட்டது. அடியில் நான் எழுதிய வரிக்கு அது ஒரு தரம்கூட வரவில்லை. கம்பெனியில் பெஞ்சில் சோதித்தபோது என் டிரைவரில் புது வரி மட்டுமே இருந்ததால் எல்லாம் சரியாக ஓடியிருக்கிறது. பழைய வரியைத் தொடக்கூடாது என்று பழகிப் பழகி, அதைப் படிப்பதையே நான் விட்டிருந்தேன்.

சாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார்.

"சரி, பாப்போம்."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ரெண்டு வாரமா அந்த ஃபிரிட்ஜ் அஞ்சு டிகிரியிலதான் இருந்திருக்குது. நல்ல மருந்தத் திருப்பி அனுப்பியிருக்காங்க. தடுப்பூசி போட வந்த கொழந்தைங்கள அடுத்த வாரம் வான்னு அனுப்பியிருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு மெமோ."

"டப்பாவ மாத்திட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வாம்மா. நாளைக்குப் பழைய மாடல் ஒண்ணு அனுப்பிடறேன். இதப் பெருசாக்கினா எல்லா ஊர்லயும் நம்ம டப்பாவ சந்தேகப்படுவாங்க."

"மாத்திட்டோம்னு எழுதினா இனிமே சரியா காட்டும்னுதான் அர்த்தம். இதுவரைக்கும் காட்டுனது தப்புன்னு யாரு எழுதறது? அது இல்லாம மெமோ போவாது சார்."

"நாளைக்கு நானே வரேன்" என்று வைத்துவிட்டார். சான்றிதழை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுத முடியாது.

மறுநாள் நான் அங்கே போய்ச் சேர்ந்தபின் சார் ஸ்கூட்டரிலேயே வந்தார், அட்டவணையின் அச்சு ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. டாக்டரம்மாவின் மேஜையில் அதை விரித்து, ஸ்கேலை வைத்து, முதல் வரியிலேயே நிறுத்தினார். ஸ்கேல் அதற்குக் கீழே இறங்கவில்லை. ஐஸ் டம்ளர் சோதனையைத் தன் கண்ணுக்கு முன்னால் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். 4.5. மாலதி கொண்டுவந்து வைத்த டீயை, சுடச்சுட, ஒரே மடக்கில் குடித்தார். அதை நான் அன்றைக்கு ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கித் தன் கையாலேயே எழுதினார். கருவி பொருத்திய நாள் முதல் இன்று வரை அது பதிவு செய்த எல்லா அளவுகளும் தவறானவை. தவறு கருவியுடையதும் இந்த நிலையத்துடையதும் அல்ல, எங்கள் மென்பொருளுடையது. ஃபிரிட்ஜ் சரியான குளிரில் இருந்திருக்கிறது. ஊழியரின் கைப்பதிவு சரியானது.

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சட்டம் நான் போட்டதும்மா. நீ அதும்படி செஞ்ச."

"சட்டம் நீங்க போட்டது, வரி நான் போட்டது சார்" என்று தாளை வாங்கி நானும் அடியில் கையெழுத்துப் போட்டேன். முந்தின நாள் கோபம் அதோடு போயிற்று. திரும்பும்போது என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "இனிமே குறுகலான வரி மேல, அகலமான வரி கீழ. பழசு புதுசுன்னு பாக்காதே." சுகன்யா, நீ கேட்ட வரிக்குக் காரணம் இதுதான். எந்தத் திருத்தம் என்று கேட்கிற வரி, கேட்காத வரிக்கு மேலேதான் இருக்க வேண்டும். உன் டூலுக்கு எண்ணை அடுக்கத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, திருத்திய டிரைவரைப் போட நான் மட்டும் அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஐஸ் டம்ளரில் பூஜ்யம் காட்டியது. டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார். "மெமோவ வாபஸ் வாங்கியாச்சு. கம்பெனியே எழுதிக் குடுத்துட்டாங்க, இனிமே உனக்கு இன்னா பயம்னு சொல்லிட்டேன்" என்றார். மாலதி சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் இருந்த அறைக்கு என்னோடு வந்தாள்.

"உனக்கு என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"உங்க மேல இன்னா கோவம் மேடம். ரெண்டு வாரம் நான் சொன்னேன். நோட்டக் காட்டுனேன், கண்ணாடியக் காட்டுனேன். மிஷின் சொல்லுது, நீ இன்னா சொல்றதுன்னாங்க. இப்ப உங்க லெட்டர் வந்ததும் சரின்னுட்டாங்க. இப்பவும் என்ன நம்பல மேடம். உங்க லெட்டர நம்புனாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த நோட்டை முதலில் மூடியவர்களில் நானும் ஒருத்தி.

சாயந்தரப் பதிவுக்கு நேரமாகியிருந்தது. அவள் நோட்டை எடுத்துப் பிரித்தாள். பழைய பக்கங்களில் அவளுடைய எழுத்து மட்டும் இருந்தது. இந்த இரண்டு வாரப் பக்கங்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து. நர்ஸ், பெருக்குகிற அம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர். ஒரு நாள் கைநாட்டு.

"யாராவது ஒருத்தர் கூட நின்னு பாக்காம இனிமே நான் எழுதறதில்ல மேடம்" என்று சொல்லி ஃபிரிட்ஜைத் திறந்தாள். இரண்டு பேரும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தோம். ஐந்து. அவள் எழுதினாள், பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.